மொறுமொறுவா, கொழகொழவா

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேள்வி கேட்க வருவதில்லை. பதிலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதன்மேல் முத்திரை குத்த ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். இதை அவள் துணிக்கடையில் வேலை பார்த்த காலத்திலேயே கற்றுக்கொண்டாள். கண்ணாடி முன்னால் நின்று நீலத்தைத் தோளில் போட்டுப் பார்க்கிற பெண், பச்சையை மடித்து ஓரமாக வைத்துவிட்டாள் என்றால், "நீலம்தாங்க உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். பச்சையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் நீலமும் போகும், பச்சையும் போகும், அந்தப் பெண்ணும் அடுத்த கடைக்குப் போய்விடுவாள்.

துணிக்கடையை மூடிவிட்டார்கள். அவள் நாய் பூனைத் தீனி விற்கிற கடையில் சேர்ந்தாள். அவளுக்கு நாயும் தெரியாது, பூனையும் தெரியாது. "எங்க வீட்டுல வளர்ந்ததெல்லாம் கொசு மட்டும்தான், அதுவும் தானா வளர்ந்தது" என்பாள். ஆனால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. நாய்க்குக் குளிர் தாங்காது என்று நினைப்பவரிடம் தாங்கவே தாங்காது என்பாள். அதெல்லாம் தாங்கும் என்பவரிடம், அதுக்குத்தானே சார் உடம்பு பூரா முடி என்பாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே முதலாளி அவளுக்குச் சர்டிபிகேட் என்று பெயர் வைத்துவிட்டார். கேலிக்கு வைத்த பெயர்தான். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

பூனைத் தீனியில் இரண்டு வகை. டப்பாவில் வருவது ஒன்று, சாறும் சதையுமாகச் சொதசொதவென்று இருக்கும். மூட்டையில் வருவது இன்னொன்று, சட்டைப் பொத்தான் அளவுக்குக் காய்ந்த வில்லைகள். கடைக்கு வருகிறவர்கள் முதலாவதைக் கொழகொழ என்பார்கள், இரண்டாவதை மொறுமொறு என்பார்கள். இரண்டில் எது நல்லது என்று கேட்காத பூனைக்காரர் கிடையாது. அவள் பதில் சொல்வதற்கு முன்னால் கேட்பவரின் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பாள்.

ரயில் ஓட்டுநர் முதன்முதலாக வந்த அன்று கடையில் கூட்டம் இல்லை. தோளில் கறுப்புப் பை, தூக்கம் போதாத கண்கள். இரண்டு அலமாரிகளுக்கும் நடுவில் வந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டார்.

"பூனைக்கு எதும்மா நல்லது? கொழகொழவா, மொறுமொறுவா?"

"நம்ம பூனை எப்படி சார், வீட்டுக்குள்ளேயே இருக்குமா?"

"வெளியவே போகாது. ஆபரேஷன் பண்ணின ஆண் பூனை. மாப்பிள்ளைன்னு கூப்பிடுவோம். வருவான், உக்காருவான், சாப்பிடுவான், நம்மளை ஒரு தரம் பார்த்துட்டுத் தூங்கிடுவான். அதனால அந்தப் பேரு." அவர் சிரித்தார். "நிஜ மாப்பிள்ளைக்குக்கூட என் வீட்டுல இந்த உபசாரம் கிடையாது. காலைல ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு, வீட்டம்மா கழுவிக் கழுவி வெப்பா. எப்பவும் கொழகொழதான்."

மகளுக்குப் பிரசவம். மனைவி மகள் ஊருக்குப் போயிருந்தாள், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். இவர் வண்டி எடுத்துக்கொண்டு போனால் மறுநாள்தான் வீடு திரும்புவார். கொழகொழவைத் தட்டில் போட்டுவிட்டுப் போனால் பொழுது சாய்வதற்குள் நாற்றமெடுத்துவிடும், எறும்பு மொய்க்கும். பக்கத்து வீட்டம்மாவிடம் சாவியைக் கொடுக்கலாம் என்றால், பூனைமுடி பறந்தாலே அவளுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவையும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை மொறுமொறு மூட்டையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அது போதும்.

"இதுதான் சார் உங்களுக்குச் சரி. நாள் பூரா தட்டுல கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. பல்லுக்கும் நல்லது."

"அதுக்கில்லம்மா. அவன் தண்ணியே குடிக்க மாட்டேங்கறான். கிண்ணத்துல ஊத்தி வெச்சா வெச்சது வெச்சபடி இருக்கு. கொழகொழலயாவது தண்ணி இருக்கும். இதுல?"

நல்ல கேள்வி. கடைக்கு வந்த யாருமே அதுவரை அவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் கை மூட்டையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. துணிக்கடையில் வாடிக்கையாளர் மடிப்பைப் பிரித்து ஓரத் தையலை உற்றுப் பார்ப்பாரே, அந்த நேரம் இது. இங்கே விட்டால் போயிற்று.

"பூனையோட பூர்வீகமே பாலைவனம் சார். தண்ணி இல்லாமலே வாழற ஜென்மம். வேணும்னா குடிக்கும், வேண்டாம்னா விட்டுடும். அதுக்காக நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

அவர் முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் விரிந்தது. மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டவர், வாசல் வரை போய்த் திரும்பினார்.

"வீட்டம்மாவுக்குத் தெரிய வேண்டாம். போன்ல கேட்டா கொழகொழதான் குடுக்கறேன்னு சொல்லிக்கறேன்."

"நான் எதுக்கு சார் சொல்லப்போறேன்?"

இருவரும் சிரித்தார்கள். பாவம் செய்கிறவர்கள் அந்த நேரத்தில் பெரும்பாலும் நல்ல மனநிலையில்தான் இருக்கிறார்கள்.

பாலைவனக் கதையை அவள் இட்டுக்கட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பொரு நாள் தீனிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவே கடை ஆட்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். பூனையின் மூதாதைகள் பாலைவனத்துப் பிராணிகள், அதற்குத் தாகம் குறைவு என்று அவர் சொன்ன இடத்தில் டீ வந்தது. எழுந்து போய் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தது அவள்தான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் நாயின் காதுக்குப் போய்விட்டிருந்தார். அவள் காதில் விழுந்தது பாதிப் பாடம். முழுப் பாடத்தையும் கேட்டவளைப் போலத்தான் அதை விற்றாள்.

அதற்குப் பிறகு ஓட்டுநர் ஒருமுறை, பூனை வெளிக்குப் போகிற தட்டில் கொட்டி வைக்க மண் வாங்க வந்தார். "மாப்பிள்ளைக்கு உங்க மொறுமொறு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கடிக்கற சத்தம் தூங்கறப்போகூட என் காதுல கேக்குது" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. முதலாளிக்குக் கேட்க வேண்டும் என்றே, "நான் சொன்னேனே சார்!" என்று சத்தமாகச் சொன்னாள். முதலாளி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவர் காதில் விழவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். ஓட்டுநர் வேலைக்குப் போகிற உடுப்பில் உள்ளே வந்தார். பையைக்கூட இறக்கவில்லை. கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"மாப்பிள்ளை மண் தட்டை விட்டு இறங்க மாட்டேங்கறான்மா. போய்ப் போய் உக்காரறான், முக்கறான், கத்தறான். ஒண்ணும் வரலை. வயிறு கட்டியிருக்கும், இல்ல?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவளுக்கு முகம் படிப்பது அச்செழுத்தைப் படிப்பது போல. வண்டி இருக்கிறது, போயாக வேண்டும், போகலாம் என்று யாராவது சொல்ல மாட்டீர்களா என்று அந்த முகம் கெஞ்சிற்று. வயிறு கட்டியிருக்கிறது என்ற பதிலையும் அவரே கொண்டுவந்திருந்தார். அவள் முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

"அதேதான் சார். தீனி மாத்தினா சிலதுக்கு இப்படித்தான் வயிறு கட்டும். தானா சரியாயிடும்."

"டாக்டர்கிட்ட ஒரு தரம் காட்டிட்டா?"

"இதுக்கெல்லாமா சார் டாக்டர்? நீங்க நிம்மதியா வண்டி ஓட்டிட்டு வாங்க."

அவர் போனார். அவள் நாய்ச் சங்கிலிகளைத் துடைத்துக் கொக்கியில் மாட்டப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தப் பூனையின் நினைவே அவளுக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் ஓட்டுநர் மறுபடி வந்தார். இந்த முறை அவருக்கு முன்னால் ஒரு பெண்மணி நடந்து வந்தாள். உயரமானவள், நெற்றியோரம் நரை. ஓட்டுநர் ஒரு பெரிய பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து மேஜை மேல் வைத்தார். உள்ளே டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

"இதைத் திருப்பிக் குடுக்க வரலைங்க, பணம் ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அந்தம்மா முதலாளியிடம். "இங்க வர்றவங்க யார் வீட்டுப் பூனைக்காவது குடுத்துடுங்க. எங்க பூனை போயிடுச்சு."

முதலாளி எழுந்துவிட்டார். "அடடா, எப்படிம்மா?"

"மூத்திரம் அடைச்சு. இவர் வண்டிக்குப் போயிட்டார். மறுநாள் வந்து தூக்கிட்டு ஓடியிருக்கார். காலம் கடந்துபோச்சுன்னுட்டார் டாக்டர்." அந்தம்மாவின் குரல் நடுங்கவில்லை. அழுது தீர்த்தவர்களின் குரல் அப்படித்தான் தட்டையாக இருக்கும். "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இந்த டப்பாவெல்லாம் அலமாரில அடுக்கி வெச்சுட்டுப் போனேன். தினமும் போன்ல கேப்பேன், குடுத்தீங்களான்னு. குடுத்தாச்சும்பார். வந்து திறந்து பார்க்கறேன், நான் அடுக்கினது அடுக்கினபடியே இருக்கு. தண்ணியே குடிக்காத ஜீவனுக்குக் காய்ஞ்சதைப் போட்டிருக்கார்."

அவள் அப்போது முக்காலி மேல் ஏறி நின்று, மேல்தட்டில் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றுபோயிற்று.

முதலாளி ஒரு பார்வை அவளைப் பார்த்தார். பிறகு ஓட்டுநரைப் பார்த்தார். "இங்க யாராவது சொல்லித்தான் வாங்கினீங்களா சார்?"

ஓட்டுநர் தலையை நிமிர்த்தவே இல்லை. "இல்லைங்க. யாரும் சொல்லலை. நானாத்தான் எடுத்தேன்."

"பாருங்க, இதான் பதில்" என்றாள் அந்தம்மா. "கேட்டா நானாத்தான், நானாத்தான். தண்ணிக் கிண்ணம் காலியாகுதான்னு ஒரு நாளாவது பார்த்தாரான்னு கேளுங்க. வீட்டுல ஒரு உசிரு இருக்குன்ற நினைப்பே இல்லாம இருந்திருக்கார்."

பார்த்தார், அதைத்தான் வந்து என்னிடம் கேட்டார் என்று சொல்ல அவள் முக்காலியிலிருந்து இறங்கக்கூட வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரு வாக்கியம் போதும். நாளெல்லாம் ஓயாத வாய், திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அடைத்துப்போய்விட்டது. ஓட்டுநர் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போகும்போது எப்போதும் போல அவள் பக்கம் திரும்பி, "வரேம்மா" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர்கள் தலை மறைந்ததும் அவளுக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் வந்தது. நெஞ்சு லேசானது, மூச்சு சீரானது, பொட்டலத்தை எடுத்து அடுக்கினாள். அந்த அப்பாடாவைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

கம்பெனிக்காரர் அடுத்த முறை சரக்குக் கணக்குப் பார்க்க வந்தபோது, அவள் டீயைக் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"சார், அன்னிக்குப் பாலைவனம்னு சொன்னீங்களே, அதுக்கப்புறம் என்ன சொன்னீங்க?"

"எந்தப் பாலைவனம்?"

"பூனைக்குத் தாகம் குறைவுன்னு."

"ஓ, அதுவா? தாகம் குறைவு, அதனால தானா போய்த் தண்ணி குடிக்காது. சாப்பாட்டுலயே தண்ணி போய்ச் சேரணும். காய்ஞ்ச தீனி மட்டும் குடுக்கறவங்க ரொம்பக் கவனமா இருக்கணும். முக்கியமா ஆண் பூனை. மூத்திரப் பாதை குறுகல், அடைச்சுக்கும். தட்டுல உக்காந்து முக்கும். வீட்டுல இருக்கறவங்க வயிறு கட்டியிருக்குன்னு நினைச்சுட்டு விட்டுடுவாங்க. உடனே தூக்கிட்டுப் போனா பெரும்பாலும் பிழைச்சுடும். ஒரு நாள் தள்ளிப் போட்டா கஷ்டம்." அவர் டீயை ஊதிக் குடித்தார். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் சார்."

டீ கொண்டுவர அன்று வேறு யாராவது எழுந்திருக்கலாம். அவள் எழுந்தாள். சரி, எழுந்தவள் திரும்பி வந்து, விட்டுப்போனது என்ன என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாதி தெரிந்தாலே விற்க முடிகிறபோது மீதி எதற்கு? அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் நெஞ்சு குறுகுறுத்ததோடு நிற்கவில்லை, வியாபாரத்தையும் கெடுத்தது. யாராவது வந்து எது நல்லது என்று கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க, டாக்டரைக் கேளுங்க" என்றாள். கூண்டு வாங்க வந்தவரிடம், பறவை பறக்க இந்த இடம் போதுமா என்று அவளே கேட்டுவைத்தாள். அவர் வாங்காமலே போய்விட்டார். "சர்டிபிகேட் ஆபீஸ் லீவா?" என்றார் முதலாளி. இரண்டாவது முறை கேட்டபோது அவர் குரலில் சிரிப்பு இல்லை.

ஒரு நாள் முதலாளியே பேச்சை எடுத்தார். "அந்த ரயில் டிரைவரை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன், பாவம். டிக்கெட் எடுக்க நின்னுட்டிருந்தார். வீட்டம்மா மறுபடி மக வீட்டுக்கே போறாங்களாம். எப்ப வருவாங்கன்னு அவருக்கே தெரியலையாம். வீட்டுல ஒரு வார்த்தை பேசறதில்லையாம். ஒரு பூனைக்காக இப்படியா? ஆனா மனுஷன் தானாத்தானே தேடிக்கிட்டார்."

அவள் செய்துகொண்டிருந்த வேலையை வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"தானா இல்லை முதலாளி. நான்தான் சொன்னேன். தண்ணி வேண்டாம்னு சொன்னதும் நான்தான், டாக்டர் வேண்டாம்னு சொன்னதும் நான்தான்."

முதலாளி வாசலைப் பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினார்.

"சரி விடு. அவரே வாயால இல்லைன்னுட்டார். நீ எதுக்குப் போய் நடுவுல விழறே? நாளைக்கு ஊரே பேசும், கடைப் பேரு கெடும். செத்தது திரும்பி வரப்போகுதா? நான் சொல்றது சரிதானே?"

அவருக்கும் ஒரு முத்திரை வேண்டியிருந்தது. அவள் அதைக் குத்தாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

வார விடுமுறை அன்று ரயில்வே குடியிருப்புக்குப் போனாள். எல்லாக் கட்டடமும் ஒரே மஞ்சள், எல்லாக் கதவும் ஒரே பச்சை. மாடிப்படியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியிடம், பூனை வளர்த்த வீடு எது என்று கேட்டாள். "அதோ, அந்தக் கதவு. ஐயோ பாவம், இப்ப பூனை இல்லை" என்று சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குத் தும்மல் வந்துவிட்டது. வேறு சமயமாக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே கடையைச் சிரிக்கவைத்திருப்பாள்.

கதவைத் திறந்தது அந்தம்மாதான். பின்னால் நடையில் ஒரு பெட்டி மூடித் தயாராக இருந்தது. ரயில்வேக்காரர் வீடு, பொருள் அதிகம் இல்லை. நாற்காலியின் கால்களில் மட்டும் நகம் கீறிய கோடுகள் அடர்ந்து கிடந்தன. ஜன்னலோரம் மடித்துப் போட்ட ஒரு பழைய துண்டை யாரும் எடுக்கவில்லை.

"யாரு? கடைப் பொண்ணா? அவர் வண்டிக்குப் போயிருக்காரே."

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்மா."

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்து ஓடத் தோன்றும் என்று பயந்து, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். மூட்டையைத் தட்டிய கை, பாலைவனம், டீ, தானா சரியாகிவிடும் என்று சொன்னது, கடையில் முக்காலி மேல் வாயடைத்து நின்றது, ஒன்றையும் விடவில்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று வழியெல்லாம் மனதைத் தயார்செய்துகொண்டுதான் வந்திருந்தாள்.

அந்தம்மா அடிக்கவில்லை.

"தண்ணி குடிக்கலைன்னு அவரா கேட்டார்?"

"அவராத்தான்மா கேட்டார். கிண்ணம் வெச்சது வெச்சபடி இருக்குன்னார். ரொம்பக் கவலையா கேட்டார்."

"கவனிச்சிருக்கார்" என்றாள் அந்தம்மா, தனக்குத்தானே. முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அப்புறம், அந்தக் கடைசி நாள்? நீதான் வயிறு கட்டியிருக்குன்னு சொன்னியா?"

"அதை அவரே கேட்டார்மா. வயிறு கட்டியிருக்கும்லன்னு கேட்டுக்கிட்டேதான் உள்ளே வந்தார். நான் அதேதான்னு சொன்னேன். டாக்டர்னு அவர் இழுத்தப்போகூட நான்தான்..."

அந்தம்மா சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வயிறு கட்டியிருக்கும்னு வந்து கேட்டாரா? அதே வார்த்தையா?"

"ஆமாம்மா."

"அது என்னோட வார்த்தை."

அவளுக்குப் புரியவில்லை. அந்தம்மா ஜன்னலோரத்துத் துண்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்குக் காலைல எனக்குப் போன் பண்ணார். மாப்பிள்ளை தட்டை விட்டு இறங்க மாட்டேங்கறான், முக்கறான்னு சொன்னார். நான் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிட்டு இருந்தேன். கை முழுக்கச் சோப்பு, குழந்தை கத்தறான். வயிறு கட்டியிருக்கும், இதுக்கெல்லாம் போன் பண்ணுவீங்களா, வெச்சுடுங்கன்னு சொல்லி வெச்சுட்டேன். அதை எடுத்துக்கிட்டுத்தான் உன்கிட்ட வந்திருக்கார்."

சுவருக்கு அந்தப் பக்கம் தும்மல் கேட்டது. இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"அப்பவே நான் தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லியிருந்தா பிழைச்சிருக்குமா?"

அந்தம்மா கேட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் வேண்டிய பதில் பளிச்சென்று எழுதியிருந்தது. இல்லைம்மா, விதி முடிஞ்சுடுச்சு, யார் என்ன பண்ணியிருந்தாலும் நடந்திருக்காது. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் இந்த மனுஷிக்கு இன்று ஒரு வாய்ச் சோறு இறங்கும். அவள் வாய் பழக்கத்தில் பாதி திறந்தும்விட்டது. ஆனால் இந்த வீட்டுக்கு அவள் சொன்ன நல்ல வார்த்தைகள் என்ன செய்தன என்று அவளுக்குத் தெரியும்.

"பிழைச்சிருக்கும்மா" என்றாள். "நான் சொல்லியிருந்தாலும் பிழைச்சிருக்கும். உடனே போனா பெரும்பாலும் பிழைச்சுடுமாம்."

சொன்ன பிறகு நின்ற இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. ஓட்டுநரின் பாரத்தை இறக்கிவைக்கத்தான் வந்தாள். அதைத் தூக்கி இந்த அம்மாவின் தலையில் வைத்தாயிற்று. தன் பாரம் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை.

அந்தம்மா தலையை ஆட்டினாள்.

"அவரும் இதைத்தான் கேட்டார். நான் ஊர்லேர்ந்து வந்து இறங்கின அன்னிக்கு, இதே இடத்துல நின்னு. நான் லீவு போட்டிருந்தா பிழைச்சிருக்குமான்னு. பிழைச்சிருக்கும், நீங்கதான் கொன்னீங்கன்னு சொன்னேன். எனக்குப் போன் பண்ணினது அவருக்கு ஞாபகம் இருக்கும்ல? எனக்கே இருந்ததே. நீயும்தானே சொன்னேன்னு அவர் திருப்பிக் கேக்கலை. கேக்கவே இல்லை. கேக்காததால நானும் அப்படி ஒண்ணு நடக்காத மாதிரியே இருந்துட்டேன்."

வெளியே எங்கோ ஒரு வண்டி ஊதிக்கொண்டு போயிற்று. அந்தம்மா எழுந்து, கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலமாரி மேலிருந்த செல்போனை எடுத்தாள். கணவரின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொல்வது அவளுக்கும் கேட்டது.

"வண்டி ஓட்டறப்போ போனை அணைச்சுடுவார்" என்றாள் அந்தம்மா. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான்."

சொல்லிவிட்டு மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள்.